பாஸ்போட் அடிக்கப் புத்தகம் இல்லாத நாடு

அந்த நாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. என் தோழியின் அக்கா குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. "பேர் போடாதேங்கோ, அவையளுக்கு இன்னும் அங்கை அரசாங்கக் கந்தோர்களுக்குப் போகவேண்டிக் கிடக்கு" என்று அவள் கேட்டுக்கொண்டாள். ஆபிரிக்காவின் தெற்குப் பக்கம், கடல் இல்லாத ஒரு நாடு. அவ்வளவு போதும்.

டென்மார்க்கில் இக்காஸ்ட் என்ற சிறு நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நாங்கள் இருவரும் வேலை செய்கிறோம். நான் இங்கே வந்தது, முன்பு வேலை செய்த தையல் ஆலையை மூடிய பிறகு. அவள் இந்த இல்லத்துக்கு வந்து ஆறு வருடம் இருக்கும். என்னைவிடப் பத்து வயது இளையவள். எங்கள் பகுதியில் இன்னும் இரண்டு தமிழ்ப் பெண்கள் என்னை "அக்கா" என்று கூப்பிடுவதைக் கேட்டு, அது என் பெயர் என்று நினைத்து அவளும் அப்படியே கூப்பிடத் தொடங்கினாள். அர்த்தத்தை விளங்கப்படுத்திய பிறகும் அவள் மாற்றவில்லை. நாங்கள் கதைப்பது டேனிஷ் மொழியில். ஆனால் அவள் சொன்னவற்றை நினைக்கும்போது என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

இலங்கையில் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்ற வருடத்தில்தான் அவள் என்னோடு முதன்முதலில் மனம்விட்டுக் கதைத்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். என் தம்பி கொழும்பில் இருந்து அனுப்பியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முச்சக்கர வண்டிக்குள் அவன் படுத்திருக்கிறான், முன்னும் பின்னும் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள். அவள் எட்டிப் பார்த்தாள்.

"இது எங்கட நாடு எண்டெல்லோ நினைச்சன்," என்றாள்.

பிறகு சொல்லத் தொடங்கினாள். அங்கே டீசல் இல்லை. கரண்ட் எந்த நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் பிள்ளை பெறப் போகிறவர்கள் கையுறையும் பஞ்சும் தாங்களே வாங்கிக்கொண்டு போகவேண்டும். ஆசிரியர்களுக்குச் சம்பளம் வராததால் பள்ளிக்கூடம் வாரத்தில் இரண்டு நாள், சிலவேளை மூன்று நாள். டொலர் இல்லை என்று மருந்தை நிறுத்திய அதே மாதத்தில் அமைச்சர்களுக்குப் புதிய ஜீப்புகள் வந்து இறங்கினவாம். அதைப் படம் பிடித்துப் போட்ட ஒரு வானொலிக்காரரை உள்ளே போட்டுவிட்டார்கள்.

"ஜீப் ஓட டீசல்?" என்று கேட்டேன்.

"அது அவையளுக்கு இருக்கு."

அவளுக்கு அங்கே, அக்கா வீட்டில், ஒரு மகள் இருந்தாள். அதுவரை எனக்குத் தெரியாது. ஒரு டேனிஷ்காரரைக் கலியாணம் முடித்து அவள் இங்கே வந்தபோது மகளுக்கு ஆறு வயது. பிள்ளையின் தகப்பன் எப்போதோ விட்டுவிட்டுப் போயிருந்தார். பிள்ளையைப் பிறகு எடுப்போம் என்று புதுக் கணவர் சொன்னார். அந்தப் பிறகு வரவேயில்லை. கலியாணம் முறிந்தது. அவள் ஒரு அறைக்குள் இருந்துகொண்டு துப்புரவு வேலை செய்தாள், மொழி படித்தாள், பராமரிப்பு வேலைக்குப் படித்தாள், நிரந்தர விசா எடுத்தாள், இரண்டு அறை வீடு எடுத்தாள். எல்லாம் சரிவந்தபோது மகளுக்குப் பதினாலரை வயது. இங்கே சட்டம் என்னவென்றால், பிள்ளையைக் கூப்பிடுவதற்கு அதற்குப் பதினைந்து வயது ஆவதற்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். பதினைந்தைத் தாண்டினால் கதவு ஏறக்குறைய பூட்டு.

விண்ணப்பத்தை நாங்கள் என் சமையலறை மேசையில் இருந்து நிரப்பினோம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தாய்தான் பொறுப்பு என்ற கோர்ட்டுக் கடிதம், வீட்டு ஒப்பந்தம், வேலைக் கடிதம் எல்லாம் இருந்தன. இல்லாதது ஒன்றுதான், பிள்ளையின் பாஸ்போட். பழையது காலாவதியாகி இருந்தது.

"அது பிரச்சினையில்லை. என்ரை அக்கா ரெண்டு கிழமையிலை எடுத்துத் தருவா," என்றாள்.

விண்ணப்பம் பதினைந்து வயதுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தது. பாஸ்போட் பின்னால் வரும் என்று குறிப்பும் எழுதினோம். அன்று நான் ஆட்டிறைச்சி சமைத்து அவளை இருத்திச் சாப்பிட வைத்து அனுப்பினேன். வேலை முடிந்துவிட்டது என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

அவளுடைய அக்காவின் ஊரில் இருந்து தலைநகருக்கு பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டும். அதுவும் பஸ்ஸுக்கு டீசல் கிடைத்தால். அக்கா பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய், ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, விடிய எழும்பி பாஸ்போட் கந்தோருக்குப் போனால், வாசலில் நின்ற காவலாளி சொன்னாராம், புத்தகம் இல்லை என்று.

"என்ன புத்தகம்?" என்று நான் தோழியிடம் தொலைபேசியில் கேட்டேன். எனக்கு விளங்கவில்லை.

"பாஸ்போட் புத்தகம், அக்கா. அந்த வெறும் புத்தகம். அது வெளிநாட்டிலை அடிக்கிறது. அரசாங்கம் அடிக்கிற கொம்பனிக்குக் காசு குடுக்கேல்லை, அவன் நிப்பாட்டிப்போட்டான்."

ஒரு நாடு தன் சனத்துக்கு அரிசி இல்லை, மருந்து இல்லை என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வெளியே போவதற்கும் தாள் இல்லை என்று சொன்னதை அன்றுதான் கேட்டேன்.

எப்போது வரும் என்று காவலாளிக்குத் தெரியாது. அறிவித்தல் ஒட்டவில்லை. அமைச்சரோ வானொலியில், தட்டுப்பாடு என்று ஒன்றும் இல்லை, எதிர்க்கட்சிகள் கிளப்பும் புரளி, இயந்திரத்தில் சிறிய தொழில்நுட்பக் கோளாறு மட்டுமே என்றார். கோளாறு அடுத்த கிழமை சரிவரும் என்றார். அடுத்த கிழமையும் அதையே சொன்னார்.

அக்காவும் பிள்ளையும் திரும்பி வந்தார்கள். ஒரு மாதத்தில் மறுபடி போனார்கள். இந்த முறை கந்தோரில் விண்ணப்பத்தை வாங்கினார்கள், ஆனால் கைரேகை எடுக்கும் நேரம் கரண்ட் போனது. ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. மூன்றாம் முறை ஊழியர்கள் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம். நாலாம் முறை அக்காவுக்கு வயலில் வேலை இருந்ததால் பிள்ளை தனியப் போனாள்.

இதையெல்லாம் நான் வீட்டில் சொன்னபோது என் கணவர் தேநீரைக் குடித்துக்கொண்டு, "அதுகள் அப்பிடியான நாடுகள்தான். ஊழல் ரத்தத்திலை ஊறிப்போச்சு," என்றார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "உங்கட தம்பி போன கிழமை காஸ் சிலிண்டரோடை ரோட்டிலை இருந்தவரெல்லோ. அவற்றை ரத்தத்திலை என்ன ஊறினது?"

"அது வேறை. அது ஒரு குடும்பம் செய்த வேலை."

"அங்கையும் ஆரோ ஒரு குடும்பம்தான் செய்யுது."

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். முப்பது வருடமாக உலகத்தின் எல்லா நாடுகளையும் அந்தக் கதிரையில் இருந்தே திருத்துகிற மனிதர். நான் எழும்பிப் போய்க் கோப்பைகளைக் கழுவினேன். கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

இதற்கிடையில் இங்கத்தைய குடிவரவு அலுவலகத்தில் இருந்து தோழியின் டிஜிட்டல் போஸ்டுக்கு, அரசாங்கக் கடிதங்கள் வரும் இணையப் பெட்டிக்கு, ஒரு கடிதம் வந்தது. பாஸ்போட் பிரதியை இன்ன திகதிக்குள் அனுப்பவும், இல்லாவிட்டால் கையில் உள்ள ஆவணங்களை வைத்து முடிவு எடுக்கப்படும். அப்படி எடுக்கும் முடிவு என்னவென்று எங்களுக்குத் தெரியும். அவள் போன் எடுத்தாள். அரை மணித்தியாலம் சங்கீதம் கேட்டபிறகு ஒரு பெண் வந்தார். மிகவும் பணிவான குரல். நிலைமை விளங்குகிறது, கால நீடிப்புத் தரலாம், ஆனால் பாஸ்போட் பெற முடியாது என்பதற்கு அந்த நாட்டு அதிகாரிகளிடம் இருந்து எழுத்தில் ஒரு உறுதிப்படுத்தல் வேண்டும் என்றார்.

"இல்லாத சாமானுக்கு இல்லை எண்டு கடிதம் வேணுமாம்," என்றாள் தோழி.

"அதையாவது குடுப்பினம்தானே," என்றேன். இப்போது நினைத்தாலும் என் அறியாமைக்கு எனக்கே கோபம் வருகிறது.

தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினோம், திரும்பி வந்தது. போன் எடுத்தோம், அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்றது. கடைசியில் இரண்டு பேரும் ஒரே நாளில் லீவு எடுத்துக்கொண்டு கொப்பன்ஹேகனுக்கு ரயில் ஏறினோம். அது தை மாதம். நகரத்தின் வடக்குப் பக்கம், மரங்கள் நிறைந்த தெருவில் ஒரு பழைய வெள்ளை மாளிகை. கொடி இருந்தது, ஆனால் பாதி கிழிந்து ஒரு மூலையில் தொங்கியது. மணியை அடித்தோம், வேலை செய்யவில்லை. கதவைத் தட்டினோம்.

திறந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர். வீட்டுக்குள்ளே தடித்த மேல்கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டிருந்தார். உள்ளே போனபிறகுதான் காரணம் விளங்கியது. வெளியில் இருந்ததைவிட உள்ளே குளிர் அதிகம். சூடாக்கியை நிறுத்திவிட்டார்கள், கட்டணம் கட்டவில்லை என்று. போனும் அதே காரணத்தால் போய்விட்டது. தூதுவர் ஆலோசனைக்கு என்று நாட்டுக்குப் போய் ஏழு மாதம், இன்னும் வரவில்லை. ஐந்து பேர் இருந்த இடத்தில் இவர் ஒருவர்தான். கொன்சுலர் வேலை, கணக்கு, வரவேற்பு, குப்பை வெளியே வைப்பது எல்லாம் இவர்.

ஒரு சின்ன மின்சார அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்து எங்களுக்குத் தேநீர் தந்தார். பால்மா இல்லாததற்கு மன்னிப்புக் கேட்டார். தோழி தங்கள் மொழியில் கதைத்தாள். இடையிடையே எனக்காக ஆங்கிலத்துக்கு மாறினார்கள்.

"புத்தகம் இல்லை எண்டு ஒரு கடிதம் தாங்கோ. ரெண்டு வரி போதும்," என்று கேட்டாள்.

அவர் தலையை ஆட்டினார். "அதைத்தான் நான் எழுதேலாது. அமைச்சு எல்லாத் தூதரகத்துக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கு. தட்டுப்பாடு எண்ட சொல்லை எழுத்திலை பாவிக்கக் கூடாது."

"ஆனா தட்டுப்பாடு இருக்கு."

"இருக்கு."

"அப்ப அதை எழுதுங்கோ."

"எழுதினா என்னைத் திருப்பிக் கூப்பிடுவினம். என்ரை பிள்ளையள் ரெண்டும் இஞ்சை படிக்குதுகள்."

அவருக்கும் நாலு மாதமாகச் சம்பளம் வரவில்லை என்று பிறகு சொன்னார். விடிய நாலு மணிக்கு எழும்பிப் பேப்பர் போடுகிறாராம். அதைக் கேட்டபிறகு அவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? நான் சண்டை பிடிக்கத்தான் போயிருந்தேன். ரயிலில் வரும்போது ஆங்கில வசனங்களை எல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். அந்தக் கோபத்தை வைக்க ஒரு இடம் கிடைக்கவில்லை. பணிவான டேனிஷ் பெண்ணின் மேலும் வைக்க முடியாது, கோட்டுப் போட்ட இந்த மனிதரின் மேலும் வைக்க முடியாது. வைக்கவேண்டிய ஆட்கள் ஜீப்பில் போய்க்கொண்டிருந்தார்கள்.

"விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்று மட்டும் ஒரு கடிதம் தந்தார். முத்திரையை மூச்சால் ஊதி ஊதிக் குத்தினார், மை உறைந்திருந்தது. அந்தக் கடிதத்துக்கு இங்கே இரண்டு மாத நீடிப்புக் கிடைத்தது. பிறகு அதையே காட்டி இன்னும் இரண்டு மாதம்.

மகளுக்குப் பதினைந்து முடிந்து பதினாறு நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு நேரத்தில் தோழி வாட்ஸ்அப்பில் மகளோடு கதைப்பாள். முதலில் எல்லாம் பிள்ளை சிரித்துக்கொண்டு வரும். போகப் போக, போனை மேசையில் சாத்தி வைத்துவிட்டு வேறு வேலை செய்துகொண்டு பதில் சொல்லும். பிறகு, கரண்ட் இல்லை, சார்ஜ் இல்லை என்று இரண்டு மூன்று நாள் வராது. உண்மையாகவே கரண்ட் இல்லையா, பிள்ளை கோபத்தில் எடுக்கவில்லையா என்று தாய்க்குத் தெரியாது. எந்த வீட்டில் தாய் பிள்ளைச் சண்டை வந்தாலும் அதற்குள் ஒரு அரசாங்கம் வந்து குந்தியிருப்பதில்லை. இங்கே குந்தியிருந்தது.

ஏழாவது பயணத்தில் பாஸ்போட் கிடைத்தது. ஒரு தொகுதிப் புத்தகம் வந்திறங்கியிருந்ததாம். நான் உடுப்புத் தோய்க்கும் அறையில் துவாய்களை மடித்துக்கொண்டிருந்தேன். தோழி போனை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். படம். பச்சை அட்டை, உள்ளே பிள்ளையின் முகம். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். பிறகு நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

"இஞ்சை பார், பிறந்த வருசம் என்ன?"

அவள் வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு வருடம் முந்திப் போட்டிருந்தார்கள். அந்தப் புத்தகத்தின்படி, நாங்கள் விண்ணப்பம் போட்ட நாளில் பிள்ளைக்குப் பதினாறரை வயது. அதாவது விண்ணப்பமே செல்லாது.

அவள் துவாய்க் குவியலின் மேல் இருந்துவிட்டாள். அழவில்லை. "ஒரு இலக்கம், அக்கா. ஒரு இலக்கத்தைப் பார்த்து எழுதத் தெரியாதே?" என்று திருப்பித் திருப்பிச் சொன்னாள். திருத்தலாமா என்று பிள்ளை அங்கேயே கேட்டிருக்கிறாள். திருத்தலாம், புதிய புத்தகம் வேண்டும், இந்தத் தொகுதி முடிந்துவிட்டது என்றார்களாம்.

இனி ஒரே வழி, பிழை பாஸ்போட் கந்தோரின் பக்கம் என்று தூதரகம் எழுதித் தருவது. அதை எழுதுவார்களா? நாங்கள் மீண்டும் ரயில் ஏறினோம். இம்முறை நான் ஒரு வசனமும் அடுக்கவில்லை.

கதவு திறந்தே கிடந்தது. கொடியைக் காணோம். நடைபாதையில் பெட்டிகள். அதே மனிதர், கோட்டு இல்லாமல், சேட்டின் கையை மடித்து விட்டுக்கொண்டு நின்றார். சித்திரை மாதம் வந்துவிட்டது. செலவைக் குறைக்க இந்தத் தூதரகத்தை மூடுகிறார்கள், இன்னும் எட்டு நாள்தான் என்றார். அவர் திரும்பிப் போகவில்லை. அந்த வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். இனி என்ன செய்வது என்று அவருக்கும் தெரியாது.

பாஸ்போட்டின் பிரதியையும் பிறப்புச் சான்றிதழையும் அருகருகே வைத்து நிதானமாகப் பார்த்தார். பிறகு ஒரு பெட்டியின் மேல் தன்னுடைய மடிக்கணினியை வைத்து, நின்றபடியே ஒரு பக்கம் எழுதினார். எழுதி முடித்து எங்களுக்கு வாசித்துக் காட்டினார். பிறப்புச் சான்றிதழில் உள்ள வருடமே சரி. பாஸ்போட்டில் உள்ளது எமது திணைக்களத்தின் தவறு. புத்தகத் தட்டுப்பாடு காரணமாக அதை உடனே திருத்த எமது அரசாங்கத்தால் முடியவில்லை. பிள்ளையோ தாயோ இதற்கு எவ்விதத்திலும் பொறுப்பல்ல.

"தட்டுப்பாடு எண்டு போட்டிருக்கிறியள்," என்றாள் தோழி.

"ஓம். இப்ப என்னை என்ன செய்யப் போயினம்?"

முத்திரையைத் தேடி மூன்று பெட்டிகளை மறுபடி திறக்கவேண்டி வந்தது. ரயில் நிலையம் வரை தோழி அந்தக் கடிதத்தை மடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தாள். தன் அரசாங்கம் தனக்குச் சொன்ன முதல் உண்மை இதுதான் என்று ரயிலில் சொன்னாள். அதையும் வேலையை விட்ட ஒருவரின் வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது என்பதைச் சொல்ல வாய் உன்னினேன், விட்டுவிட்டேன்.

குடிவரவு அலுவலகம் மேலும் கேள்விகள் கேட்டது. பள்ளிக்கூடப் பதிவுகள் கேட்டது, ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டது. எல்லாவற்றையும் அக்கா ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து அனுப்பினார். கோடை முடியும்போது அனுமதி வந்தது.

பில்லுண்ட் விமான நிலையத்துக்கு நான்தான் கார் ஓடினேன். தாய் பூங்கொத்து வாங்கி வைத்திருந்தாள். வெளியே வந்த பிள்ளை தாயைவிட உயரம். ஒரு முதுகுப் பை, ஒரு பழைய சூட்கேஸ். தாய் கட்டிப்பிடித்தபோது கையைத் தொங்கவிட்டபடி நின்றாள். காரில் பின் இருக்கையில் ஏறி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். தாய் நிமிடத்துக்கு ஒருதரம் திரும்பி, பசிக்கிறதா, குளிருதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாதி வழியில் பிள்ளை ஆங்கிலத்தில், எனக்கும் விளங்கட்டும் என்பதுபோல, சொன்னாள்.

"நான் ஏழு தரம் அந்தக் கந்தோருக்குப் போனனான். நீங்கள் ஒருக்காக்கூட வரேல்லை."

எனக்குக் காரை ஓரம்கட்டி நிறுத்தவேண்டும் போல இருந்தது. உன் தாய் வந்திருந்தால் வேலை போயிருக்கும், வேலை போனால் விண்ணப்பம் போயிருக்கும், புத்தகம் இல்லாததற்கு இவள் என்ன செய்வாள், போய் உன் அமைச்சரைக் கேள் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட நினைத்தேன். வாயைத் திறந்தும் விட்டேன். தோழி என் கையில் மெதுவாகத் தொட்டாள்.

"ஓம். நான் வரேல்லை," என்று மகளுக்குச் சொன்னாள்.

திங்கட்கிழமை வேலையில், படுக்கை விரிப்பு மாற்றும்போது கேட்டேன். "ஏன் நீ சொல்லேல்லை, பிழை ஆற்றை எண்டு?"

அவள் தலையணையை உறைக்குள் திணித்துக்கொண்டே, "ஆரைச் சொல்லுறது, அக்கா? அந்த அமைச்சரை இவள் கண்டதுமில்லை. கோவிக்க இவளுக்குக் கைக்கெட்டின ஆள் நான் ஒருத்திதான்," என்றாள். "கோவிச்சுப்போட்டுப் போகட்டும். இப்பவெண்டாலும் வீட்டுக்குள்ளை நிண்டு கோவிக்கிறாள்."

எனக்கு அவ்வளவு பெருந்தன்மை இல்லை. இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது. பிள்ளை இப்போது பள்ளிக்கூடத்தில் மொழி வகுப்பில் இருக்கிறாள், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு. வீட்டில் தாயோடு கதைக்கிறாள், அதிகமும் சாப்பாட்டைக் குறை சொல்வதற்கு. போன கிழமை தாய் அவித்த சோளமாக் களி கட்டிபட்டுப்போனது என்று தட்டைத் தள்ளிவிட்டு, எழும்பித் தானே வேறொரு சட்டியில் கிண்டினாளாம். தாய் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். இருவரும் சட்டியில் இருந்தே சாப்பிட்டார்களாம்.